ஜன்னல் வைத்த அடுப்படி

முருகம்மாள் எனக்கு மதினி, என் அண்ணன் ராக்கையாவின் பெண்டாட்டி. முறைக்குத்தான் மதினி, வயதில் என்னைவிட இளையவள். அதனால் நான் அவளை வாடி போடி என்பேன், அவளும் என்னை மாயக்கா என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஜெயமங்கலத்தில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மாட்டுக்கொட்டம்தான். நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒரே ஊர். அவள் வருசநாட்டிலிருந்து வந்தவள்.

மலங்காட்டுக்காரி என்று வந்த புதிதில் எங்கள் ஊர்ப் பெண்கள் அவளைக் கொஞ்சமாகவா படுத்தினார்கள். நெல்லுச்சோறு தின்றிருக்கிறாயா, உங்கள் வீட்டு வாசலுக்குப் புலி வருமா என்றெல்லாம் கேட்பார்கள். "வரும். வந்தா ஒக்காரச் சொல்லி மோர் குடுப்போம்" என்பாள். வாயில்லாதவள் இல்லை. ஆனால் தனக்கு ஒரு வலி என்றால் மட்டும் அந்த வாய் திறக்காது. அவளைப் புரிந்துகொள்ள எனக்கே வருஷக்கணக்கு ஆயிற்று.

அவளுடைய வலி புகை. அவள் பிறந்த வீட்டில் அடுப்பு வெளியே, வேப்பமரத்து நிழலில் இருந்தது. புகை தன் பாட்டுக்குக் காட்டைப் பார்த்துப் போய்விடும். நான் பிறந்த வீட்டு அடுப்படி அப்படியல்ல. நாலு பக்கமும் கனத்த மண்சுவர், குனிந்து நுழைகிற ஒரே வாசல், ஜன்னல் என்று ஒரு துளை கிடையாது. ஓட்டுச் சந்து வழியாகப் புகை போனால் போனது, இல்லாவிட்டால் நம் கண்ணுக்குள்தான் வர வேண்டும். பட்டப்பகலில் உப்பு எது, புளி எது என்று தடவித்தான் எடுக்க வேண்டும். நாங்கள் அதிலேயே பிறந்தவர்கள், பழகிப்போயிற்று. அவளுக்குப் பழகவே இல்லை. எப்போது பார்த்தாலும் கண் சிவந்து தண்ணீர் வடியும். அண்ணன் அப்போது மலையில் வேலை பார்த்தார். "புருசன நெனச்சு அழுகுது பிள்ளை" என்று ஊர் கேலி பேசும். அவளும் அப்படித்தான் என்பது போல் சிரித்து வைப்பாள்.

அண்ணன் இளவட்டமாக இருந்தபோதே போடி வழியாக மலையேறியவர். ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவுக்கு விறகு சுமக்கப் போய், அந்தச் சமையல்கட்டிலேயே நிலைத்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனிப் பொங்கலுக்குத்தான் ஊருக்கு வருவார். வரும்போது தேயிலைப் பொட்டலமும் கம்பளியும் கொண்டுவருவார். பட்லர் மலையாளத்துக்காரர் என்பதால் அண்ணன் வாயில் மலையாளமும் ஒட்டிக்கொண்டது. சோறு போட்டால் போதும் என்று சொல்ல மாட்டார், "மதி, மதி" என்பார். அதோடு பங்களாக் கதைகள். அங்கே நின்றுகொண்டே சமைப்பார்களாம், புகை கூண்டு வழியாக மேலே போய்விடுமாம், சமையல்காரர் சட்டை வெள்ளையாகவே இருக்குமாம். அடுப்படியில் வெள்ளைச் சட்டையா என்று நாங்கள் அவரை ஓட்டுவோம்.

அந்தக் கதைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். துரைசானி தோட்டத்தில் ஏதோ ஒரு கீரை போட்டிருந்தாளாம். அது கொஞ்சம் தலைதூக்கியதும் ஒவ்வொரு செடியின் மேலும் ஒரு பானையைக் கவிழ்த்துவிடுவாளாம். "வெயிலே படாம வளந்தா வெள்ளவெளேர்னு, நெட்டையா, பிஞ்சா வருமாம். பச்சையா இருந்தா துரை தொட மாட்டாராம். நல்ல கீரைய இருட்டுல போட்டு வெளுக்க வைக்கிறாக, கிறுக்குப் பிடிச்சவுக" என்று அண்ணன் சொல்லிச் சிரித்தார். இருந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. நான் மதினியைப் பார்த்தேன், மதினி தரையைப் பார்த்தாள். எங்கள் ஆத்தா சுருளியம்மாள், "அடுப்புல பாலு பொங்குது" என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் அன்றைக்குப் பாலே வைக்கவில்லை.

ஆத்தா ஏன் எழுந்து போனாள் என்று சொல்ல வேண்டுமானால் முளைப்பாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை ஆண்களிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. ஆகவே இதைப் படிக்கிற ஆண்கள், படித்துவிட்டுத் தெரியாதது போலவே இருந்துவிடுங்கள்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊர்ப் பெண்கள் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்போம். சட்டியில் வண்டல் மண்ணும் எருத்தூளும் பரப்பி, ஊறவைத்த தட்டைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு எல்லாம் தூவி, எல்லார் வீட்டுச் சட்டியையும் ஒரே வீட்டில் வைத்து வளர்ப்போம். அதில் வெளிச்சமே படக் கூடாது. இருட்டில்தான் முளை வெளுத்து, மஞ்சள் பாய்ந்து, நெடுநெடுவென்று ஏறும். வெளிச்சம் பட்டால் பச்சை கட்டிக் குட்டையாக நின்றுவிடும். பாரி குட்டையானால் மழை பொய்க்கும், வெள்ளாமை படுத்துவிடும் என்று ஊர் நம்பும். பழி பாரி வளர்த்த வீட்டின் மேல் விழும். ஆண்கள் அந்த அறைப் பக்கம் வரக் கூடாது, அது எப்படி வளர்கிறது என்று கேட்கவும் கூடாது. அவர்களைப் பொறுத்தவரை முளைப்பாரி என்பது கடைசி நாளில் பெண்கள் தலைமேல் வருவது. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் அம்மன் பாடு.

பாரி வீடு எங்கள் வீடு. வழிவழியாக எங்கள் அடுப்படியில்தான் பாரி வளரும். பங்குனி பிறந்தால் அடுப்பு முற்றத்துக்கு வந்துவிடும். அடுப்படியை அம்மனுக்கு விட்டுவிடுவோம். அந்த அடுப்படியைக் கட்டியவர்கள் ஏன் ஜன்னல் வைக்கவில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அது புரிந்திருக்க வழியில்லை.

ஆத்தாதான் விரதம் இருந்து, பாரிச் செம்பால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டி அத்தனை பாரியையும் வளர்ப்பாள். அவள் கண்ணைப் புகை தின்றுவிட்டது. கடைசி நாட்களில் அண்ணன் வந்து கட்டில் பக்கத்தில் நின்றபோதுகூட, குரலைக் கேட்ட பிறகுதான் கையை நீட்டினாள். அவள் போன பிறகு அண்ணன் மலைக்குத் திரும்பவில்லை. மதினியின் சிவந்த கண்ணை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார் போலிருக்கிறது. "ஆத்தாளுக்கு ஆனது இவளுக்கு ஆகக் கூடாது மாயக்கா" என்றார்.  அந்த ஒரு பேச்சுக்காகவே அவர் அடுத்துச் செய்த கூத்தை நான் மன்னித்துவிட்டேன்.

மார்கழிக் கடைசியில் மதினி தன் தங்கையின் பேறுகாலத்துக்கு வருசநாட்டுக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அடுப்படியைப் புதிதாக்கி அவளைத் திகைக்க வைக்க வேண்டும் என்பது அண்ணனின் திட்டம். பெரியகுளத்திலிருந்து கொத்தனார் வந்தார். வாசலை உயர்த்தினார்கள். இடுப்பளவுக்கு மேடை எழும்பியது. பழைய அடுப்பை இடித்த மண்ணைக் கால் படாமல் ஒதுக்கிவைத்து, புது அடுப்புக்குப் பிசையும்போது அதையும் சேர்த்தார்கள். அந்த முறையையெல்லாம் அண்ணன் மறக்கவில்லை. அடுப்புக்கு மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு புகைக்கூண்டு ஏறியது. பிறகு கிழக்குச் சுவரில் கடப்பாரை போட்டார்கள். 

"அண்ணே, ஜன்னல் வேணாம்ணே" என்றேன்.

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம்."

"வெளிச்சம் வந்தா என்ன முழுகிப் போகும்?"

முழுகித்தான் போகும். என்ன முழுகும் என்று சொல்ல முடிந்தால்தானே? ஊர்க் கட்டுப்பாடு என் வாயைத் தைத்துவிட்டது. வேறு ஒன்றும் தோன்றாமல், "குளிரடிக்கும்" என்றேன். அண்ணன் கொத்தனாரைப் பார்த்தார், இரண்டு பேரும் சிரித்தார்கள். "குளிருன்னா என்னன்னு மலையில வந்து பாரு ஆத்தா. ஜெயமங்கலத்துல இருந்துக்கிட்டு குளிரைப் பேசாத" என்றார். போடிக் கடைத்தெருவில் சுயம்புலிங்கம் கடையிலிருந்து வாங்கிவந்த கண்ணாடியை ஜன்னலில் பதித்தார்கள். கதவு இல்லை, மூட வழியில்லை. ஊரில் யார் வீட்டிலும் அப்படி ஒரு ஜன்னல் கிடையாது.

நான் முத்துப்பேச்சி அயித்தையிடம் ஓடினேன். அயித்தை நாட்டாமைக்காரர் வீட்டம்மாள், ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள். "ஆம்பளைட்ட எதைச் சொல்லித் தடுக்க?" என்று கையை விரித்தாள். விரித்த கையைவிட அவள் முகம் அதிகம் பேசியது. அவர்கள் கட்டிய புது வீட்டில் விதை நெல் போட ஓர் அறை உண்டு, வெளிச்சம் நுழையாத அறை. பாரி வீடு என்ற பேர் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவளுக்கு எத்தனையோ வருஷத்து ஆசை. ஆத்தா இருந்தவரை வாயைத் திறக்கவில்லை. கெட்டவள் என்று சொல்ல மாட்டேன், ஆசைப்பட்டவள்.

மாசியில் மதினி வந்தாள். அண்ணன் அவளை வாசலிலேயே நிறுத்தி, "குனியாம உள்ள போ" என்றார். அவள் பழக்கத்தில் குனிந்துதான் போனாள். உள்ளே போய் நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். அண்ணன் மேடை அடுப்பில் சுள்ளியைப் போட்டுப் பற்றவைத்தார். புகை கொஞ்சம் தயங்கிவிட்டு, கூண்டுக்குள் ஏறிப் போய்விட்டது. மதினி அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. புகையில்லாமல் அந்த அடுப்படியில் அவள் முதன்முதலாக அழுதது அன்றைக்குத்தான். முந்தானையால் துடைத்துக்கொண்டே திரும்பியபோது ஜன்னலைப் பார்த்துவிட்டாள். காலை வெயில் தரை முழுக்கக் கிடந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன், அண்ணன் பார்க்கவில்லை.

"நல்லாருக்கா முருகம்மா?"

"நல்லாருக்குங்க. ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீக" என்றாள்.

அவர் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாயக்கா, இப்ப என்ன செய்ய?"

"ஒண்ணு, ஜன்னல அடைக்கச் சொல்லு. இல்லைன்னா பாரிய அயித்தை வீட்டுக்கு விட்டுக்குடு."

"ரெண்டும் மாட்டேன். இத்தன வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் இந்த வீட்டுல கண்ணு எரியாம நின்னுருக்கேன். இதையும் விட மாட்டேன். ஒங்க ஆத்தா சாகும்போது பாரிச் செம்ப என் கையிலதான் குடுத்துச்சு. அதையும் விட மாட்டேன்."

விட்டால் திரும்பி வராது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆத்தா இல்லாமல் அவள் தனியாக வளர்க்கப்போகும் முதல் பாரி அது. அது சரியாக வராவிட்டால், வருசநாட்டுக்காரி கையில் கொடுத்ததால்தான் வரவில்லை என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பேரும் அவளோடு போகும்.

பாரி போடுவதற்கு முன் ஊர்ப் பெண்கள் அடுப்படியைப் பார்க்க வந்தார்கள். மேடையைத் தடவிப் பார்த்தார்கள், கூண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராக ஜன்னலைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள்.

"அடுப்படி நல்லாத்தான் இருக்கு. இதுல பாரிய எங்கன வைப்ப?" என்றாள் முத்துப்பேச்சி அயித்தை.

"எப்பவும் வைக்கிற எடத்துலதான் அயித்தே."

"வெளையாட்டில்ல ஆத்தா. ஊரு காரியம். எங்க வீட்டுல எடம் இருக்கு, சொல்லிட்டேன்."

"இங்கன வளரும். வளராட்டி அப்பறம் நானே செம்பக் கொண்டாந்து ஒங்க கையில குடுக்குறேன்" என்றாள் மதினி.  அத்தனை பெண்களுக்கு முன்னால் சொன்ன வார்த்தை அது, இனி திரும்பப் பெற முடியாது.

சட்டிகளை வைத்தோம். ஜன்னலுக்கு அண்ணன் மலையிலிருந்து கொண்டுவந்த கம்பளிகளில் நல்ல கனமான ஒன்றை எடுத்து மதினி ஆணியடித்தாள். வாசலுக்குச் சாக்குப் படுதா. உள்ளே நன்றாகத்தான் இருட்டியது. முளை விட்டது, ஏறவும் ஆரம்பித்தது. நாங்கள் முற்றத்தில் கும்மியடித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினோம்.

புகைக்கூண்டை நாங்கள் மறந்துவிட்டோம். காலையில் மாலையில் ஒன்றும் தெரியாது. உச்சிப் பொழுதில் மட்டும் சூரியன் நேரே கூண்டுக்குள் இறங்கி, மேடைமேல் வைத்த சட்டிகளில் ஒரு தட்டு அகலத்துக்கு வெளிச்சத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மதினி பார்த்தபோது அந்தப் பக்கத்து முளையெல்லாம் கூண்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. நுனியில் பச்சை ஓடியிருந்தது. கூண்டின் வாயில் கீழிருந்து சாக்கைத் திணித்தோம். பங்குனிக் காற்று அதை உருவிக் கீழே தள்ளியது, பாரிமேல் கரி கொட்டியது. மேலேதான் மூட வேண்டும். விரதக்காரப் பெண் கூரையில் ஏறினால் ஊரே கூடி என்ன என்று கேட்கும். ஏற வேண்டியவர் அண்ணன். அவரிடம் காரணம் சொல்ல முடியாது.

இதற்கிடையில் அண்ணனுக்கும் முகம் சரியில்லாமல் இருந்தது. அவர் உள்ளே வர முடியாதே தவிர, கொல்லைப் பக்கம் நின்றால் ஜன்னல் தெரியும். ஆசை ஆசையாய் வைத்த கண்ணாடிக்குப் பின்னால் தன் கம்பளியே ஆணியடித்துத் தொங்குவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி முற்றத்தில் கஞ்சி ஊற்றும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பொகக்கூண்டு வாயை மேல மூடணுங்க."

"அடுப்பே எரியல. அது யாரை என்ன செஞ்சுச்சு?"

"மூடணும். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அண்ணன் கஞ்சியை வைத்துவிட்டார். "ஜன்னல மூடியாச்சு. இப்ப கூண்ட மூடணும். நான் செஞ்சது புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லு, இடிச்சு எறிஞ்சுபுடுறேன். பழையபடி இருட்டுல கெட."

"புடிச்சிருக்கு. புடிச்சிருக்கதுனாலதான் கெஞ்சுறேன்" என்றாள்.  அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, அவள் வாய்மூடி இருந்ததிலும் நியாயம் இருந்தது. நான் நடுவில் நின்று இரண்டு பேருக்காகவும் அழுதேன்.

மறுநாள் காலையில் நான் கொட்டத்தில் பால் கறந்துகொண்டிருந்தேன். அண்ணன் வந்து தூணில் சாய்ந்து நின்றார்.  பிறகு கேட்டார்.

"ஏத்தா மாயக்கா, ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு நான் துரைசானி கீரைக் கதை சொன்னேன்ல. செடிமேல பானையக் கவுத்துறது. அதக் கேட்டுட்டு ஆத்தா எதுக்கு எந்திரிச்சுப் போச்சு?"

நான் மாட்டின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் செம்புக்குள் விழாமல் வெளியே விழுந்தது.

"பாலு பொங்குதுன்னுச்சு. அன்னைக்கு வீட்டுல பாலு இல்ல" என்றார் அவர்.

நான் தலையை இன்னும் குனிந்துகொண்டேன்.

"மதி" என்றார் அண்ணன். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானும் ஒண்ணும் கேக்கல."

அன்று பெண்கள் எல்லாரும் பாரிக்குத் தண்ணீர் எடுக்க வராக நதிக்குப் போயிருந்தோம். குடத்தோடு தெருவில் திரும்பும்போதே பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூரையில், புகைக்கூண்டின் வாய்மேல் ஒரு பெரிய பானை கவிழ்ந்திருந்தது. சுற்றிலும் களிமண் பூசி இடுக்குகூட இல்லாமல் அடைத்திருந்தது. அதோடு விட்டாரா? பானை முழுக்கச் சுண்ணாம்பால் பெரிய பெரிய புள்ளி. எதிர்வீட்டு மொக்கைச்சாமி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா ராக்கையா, கூரையில பானை?"

"திருஷ்டிதான். புது அடுப்படி, கண்ணு பட்டுரும்ல" என்றார் அண்ணன், கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே.

மதினி குடத்தை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். படுதாவை இறக்கியதும் என் கை எனக்குத் தெரியவில்லை. ஆத்தா காலத்து அடுப்படி எப்படி இருக்குமோ அப்படி ஓர் இருட்டு. ஆனால் கண்ணெரிச்சல் இல்லை. மதினி என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், இரண்டும் ஒன்றாக வந்தது. எனக்கும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. "ஆரும் சொல்லலையே மாயக்கா? நீ சொன்னியா?" என்று கேட்டாள். "நான் பாலுதான் கறந்தேன்" என்றேன்.

முளை சாய்ந்து நின்ற சட்டிகளை அவள் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். விரதத்தை இன்னும் இறுக்கினாள். பச்சை ஓடிய நுனி இருட்டில் மெல்ல மஞ்சளாக வெளுக்க, அதற்குக் கீழிருந்து தண்டு வெளுத்து மேலே ஏறியது. ஒவ்வொரு நாளும் நான் போய்த் தொட்டுப் பார்ப்பேன். முழங்கைக்கு வந்தது, அதையும் தாண்டியது. கடைசியில் மற்ற சட்டிகளோடு சேர்ந்து நின்றபோது எது எதென்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை.

பொங்கலன்று பாரியைத் தூக்கினோம். முன்னால் மதினி, அவள் பின்னால் ஊர்ப் பெண்கள் எல்லாரும். தலைக்கு மேலே இளமஞ்சள் முளை ஆடிக்கொண்டு வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். முத்துப்பேச்சி அயித்தை கோயில் வாசலில் மதினியை நிறுத்திப் பாரியை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சுருளி கையில வளந்த மாதிரியே இருக்கு" என்றாள். அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் வாயாரச் சொன்னாள். அன்றோடு செம்பைப் பற்றிய பேச்சு முடிந்தது, வருசநாட்டுக்காரி என்ற பேச்சும் முடிந்தது. ஆண்கள் வரிசையில் அண்ணனும் நின்றார். மற்றவர்களைப் போலவே, இதெல்லாம் எங்கிருந்து முளைத்து வந்ததோ என்கிற முகத்தோடு கும்பிட்டார். நான் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டேன்.

பாரியை ஆற்றில் கரைத்த மறுநாள் மதினி தானே கம்பளியைக் கழற்றினாள். வெயில் உள்ளே வந்தது. அண்ணன் கூரை ஏறிப் பானையை இறக்கினார். மேடையில் அடுப்பை மூட்டி, நின்றுகொண்டே கஞ்சி வைத்தாள். வெள்ளைச் சட்டை கிடையாது என்பதைத் தவிர அவள் துரை வீட்டுச் சமையல்காரர் போலத்தான் இருந்தாள் என்று அண்ணன் கேலி செய்தார். அதற்குப் பிறகு அவள் கண் சிவந்து நான் பார்த்தது, யார் வீட்டுச் சாவுக்காவது போனபோதுதான்.

கோடையில் அண்ணன் ஒரு தச்சரைக் கூட்டிவந்தார். ஜன்னலுக்கு உட்பக்கம் இரட்டைப் பலகைக் கதவு, இடுக்கில்லாமல் பொருந்துகிற மாதிரி. மேடைக்கு எதிர்ச் சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு நீளமாக ஒரு மண் திட்டு. இதெல்லாம் எதற்கு என்று மதினி கேட்கவில்லை. எதற்கு என்று அவரும் சொல்லவில்லை. வருஷம் முழுக்க அந்தத் திட்டில் தண்ணீர்ப் பானைகள் இருக்கும், பங்குனியில் காலியாகும். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு விஷயத்தைப் பற்றி வாழ்நாள் முழுவதும் பேசாமலே அத்தனை ஒற்றுமையாக இருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு ஊரில் புதுவீடு கட்டிய பெண்கள் எல்லாம் அடுப்படியில் ஜன்னல் கேட்டார்கள், புகைக்கூண்டு கேட்டார்கள், கூடவே உட்பக்கம் பலகைக் கதவும் கேட்டார்கள். நாளைக்குப் பாரி எந்த வீட்டுக்குப் போனாலும் தோதாக இருக்கட்டும் என்று. களவாணி பயம் என்று அவர்கள் வீட்டு ஆண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிய வருஷம் எதிர்வீட்டு மொக்கைச்சாமியும் வீட்டை இடித்துக் கட்டினார். அந்தப் பங்குனியில் அண்ணன் வழக்கம்போல் ஏணி வைத்துப் பானையை ஏற்றிக்கொண்டிருந்தார். பாரி போட வந்த பெண்கள் சட்டியும் கையுமாக முற்றம் நிறைய நின்றோம். மதினி செம்போடு அடுப்படி வாசலில் நின்றாள். மொக்கைச்சாமி தெருவிலிருந்து உரக்கக் கேட்டார்.

"ஏப்பா ராக்கையா, எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். திருஷ்டிப் பானைன்னா வருசம் பூராவுமில்ல இருக்கணும்? நீ என்ன பங்குனி வந்தா ஏத்துற, பொங்கல் முடிஞ்சா எறக்கிப்புடுற?"

முற்றத்தில் பெண்கள் எல்லாரும் அவரவர் சட்டியையே பார்த்தோம். அண்ணன் பானையை ஒரு தடவை அசைத்துப் பார்த்து, களிமண்ணை அமுக்கிவிட்டு, நிதானமாக ஏணியிலிருந்து இறங்கினார்.

"பங்குனியிலதானப்பா ஊர்க்கண்ணு பூராவும் என் வீட்டு மேல இருக்கு" என்றார்.

மொக்கைச்சாமி கொஞ்சம் யோசித்தார். "அதுவுஞ் சரிதான்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். மதினி உள்ளே போய்ப் படுதாவை இறக்கிவிட்டாள். இருட்டுக்குள்ளே அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.